சிவப்புக் கார்டை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாமா?

ஜொகூரில் சிகாமட் தொடங்கி லாபீஸ், குளுவாங், ரெங்கம், கூலாய், கோத்தா திங்கி வரை எந்தத் தோட்டப்புறத்திற்குப் போனாலும், லயத்துத் திண்ணையில் வெற்றிலை மென்றபடி ஒரு பாட்டியாவது உட்கார்ந்திருப்பார். "பாட்டி, உங்க ஐ.சி. என்ன கலரு?" என்று கேட்டுப் பாருங்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருக்கும் சிவப்புக் கார்டை எடுத்துக் காட்டுவார். "நீலக் கார்டுக்கு மனு போடலியா?" என்றால், "போட்டேன், ஒண்ணும் நடக்கலே. சாகப்போற காலத்துல நீலம் என்னாத்துக்குய்யா? இதுவே போதும்" என்பார்.

பாட்டியின் பேச்சில் அலுப்பு இருக்கிறது. நியாயமும் இருக்கிறது. ஆனால் இது பாட்டியோடு முடிந்துபோகிற காரியமாக இருந்தால் நாமும் பேசாமல் இருந்துவிடலாம். அப்படி முடிந்துபோவதில்லை என்பதுதான் இன்று நாம் சிந்திக்க வேண்டிய செய்தி.

புதிய திருத்தம் சொல்வது என்ன?

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள், குடியுரிமை பற்றிய அரசியல் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்ற மக்களவை 206 உறுப்பினர்களின் ஆதரவோடு நிறைவேற்றியது. பிறகு மேலவையும் ஏற்றுக்கொண்டது. பத்திரிகைகள் எல்லாம் ஒரு நல்ல அம்சத்தைப் பெரிதாகப் போட்டன. மலேசியத் தாய் வெளிநாட்டில் பிள்ளை பெற்றால், தந்தைக்கு உள்ளது போலவே தாய்க்கும் தன் குடியுரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்கும் உரிமை உண்டு என்பதே அது. ஆண்டுக் கணக்கில் தாய்மார்கள் போராடிப் பெற்ற நீதி அது. நாமும் வரவேற்கிறோம்.

அதே திருத்தத்தில் இன்னொரு பகுதியும் இருக்கிறது. தோட்டப்புறத்தில் அதைப் பற்றி யாரும் பேசக் காணோம். இதுவரை இருந்த சட்டப்படி, இந்நாட்டில் பிறக்கும் பிள்ளையின் தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் போதும். பிள்ளை தானாகவே குடிமகன். அதாவது அப்பாவும் அம்மாவும் சிவப்புக் கார்டாக இருந்தாலும் பிள்ளைக்கு நீலக் கார்டு உண்டு. புதிய திருத்தம் "நிரந்தரவாசி" என்ற சொல்லை அந்த இடத்திலிருந்து எடுத்துவிடுகிறது. திருத்தம் அமலுக்கு வரும் நாளிலிருந்து பிறக்கும் பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருந்தாக வேண்டும். இரண்டு சிவப்புக் கார்டுகள் சேர்ந்து இனி ஒரு நீலக் கார்டைத் தானாகப் பெற்றுத் தராது.

அமலாவதற்கு முன் பிறந்தவர்களின் உரிமையை இத்திருத்தம் பறிப்பதில்லை. அதனால் யாரும் பதற வேண்டாம். ஆனால் நம் வீட்டு வாலிபர்களில் சிவப்புக் கார்டோடு இருப்பவர் யார், கார்டே இல்லாமல் இருப்பவர் யார் என்று இன்றே எண்ணிப் பார்க்க வேண்டும். நாளை அவர்களுக்குப் பிறக்கப்போகும் பிள்ளையின் கதி அதில்தான் இருக்கிறது.

அக்கரைக்கு ஓடும் கால்கள்

ஜொகூர்க்காரர்களான நமக்கு "பி.ஆர்." என்ற சொல் புதிதல்ல. விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி சிங்கப்பூர் போகும் நம் பிள்ளைகள் எத்தனை பேர்! அங்கே சில ஆண்டுகள் வேலை செய்ததும் நிரந்தரவாசத்துக்கு மனுப் போடுகிறார்கள். பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், திருமணப் பத்திரம், சம்பளக் கணக்கு என்று ஒவ்வொன்றாகத் தேடி, நகல் எடுத்து, மொழிபெயர்த்து, ஒன்று குறையாமல் அனுப்புகிறார்கள். கிடைக்காவிட்டால் மறுபடியும் போடுகிறார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள். அங்கே குடிமகனுக்கு ரோஸ் நிறக் கார்டு. நிரந்தரவாசிக்கு நீலக் கார்டு. இங்கே குடிமகனுக்கு நீலம், நிரந்தரவாசிக்குச் சிவப்பு. அக்கரையில் நீலக் கார்டு வாங்க அத்தனை பாடுபடும் பேரன், இக்கரையில் பாட்டியின் சிவப்புக் கார்டை நீலமாக்க ஒரு நாள் லீவு போட்டதுண்டா? குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. அங்கே காட்டும் அதே சுறுசுறுப்பை இங்கேயும் காட்டலாமே என்ற ஆதங்கத்தில் கேட்கிறோம்.

எந்த நாடாக இருந்தாலும் நிரந்தரவாசம் என்பது ஓர் அனுமதி. கொடுத்த அரசாங்கமே அதை இரத்துச் செய்யவும் முடியும். குடியுரிமையை அவ்வளவு எளிதில் எடுத்துவிட முடியாது. பெயரில் "நிரந்தரம்" இருக்கிறதே என்று நம்பி நம்மவர்கள் ஒரு தடவை நன்றாக ஏமாந்திருக்கிறார்கள்.

1969-இல் பட்ட அடி

1957 ஆகஸ்டு 31-ஆம் நாள் நாடு சுதந்திரம் அடைந்தபோது, குடியுரிமைக் கதவு ஓரளவு அகலமாகவே திறந்திருந்தது. இங்கேயே பிறந்தவர்கள் முதல் ஓராண்டுக்குள் மனுச் செய்தால் மலாய்மொழிச் சோதனையும் இல்லை என்ற சலுகை இருந்தது. தொழிற்சங்கத்தாரும் கட்சிக்காரர்களும் தோட்டம் தோட்டமாக வந்து எடுத்துச் சொன்னார்கள். பலர் மனுப் போட்டார்கள். பலர் போடவில்லை. "ஊருக்குத் திரும்பிப் போகப் போறோம், நமக்கு எதுக்கு?" என்றார்கள் சிலர். "குடியுரிமை எடுத்தா ஊர்ல இருக்கிற காணி கைவிட்டுப் போயிடும்" என்று பயந்தார்கள் சிலர். பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடுமே என்று பட்டணத்துக்குப் போகாமலே விட்டவர்களும் உண்டு.

அடி 1969-இல் விழுந்தது. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற விதி தோட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. முப்பது நாற்பது ஆண்டுகள் அதே மரத்தில் பால் வெட்டியவர்கள், அதே மரத்தை வெட்ட அனுமதி கேட்டு நின்றார்கள். கிடைக்காதவர்களும், கிடைத்தாலும் நாளைக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சியவர்களும் தட்டுமுட்டுச் சாமான்களை மூட்டை கட்டினார்கள். சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்த குடும்பங்களின் கதை நமக்கெல்லாம் தெரியும். போனவர்களில் இங்கேயே பிறந்து, நாகப்பட்டினத்தைக் கண்ணாலும் காணாதவர்களும் இருந்தார்கள்.

நமக்கு மட்டும் நேர்ந்த கதியல்ல இது. இலங்கை மலையகத்தில் தேயிலை கிள்ளிய நம் உறவுகளின் பாடு இதைவிட மோசம். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை ஒரே அடியில் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனிதர்களை மூட்டைக் கணக்கில் பிரித்த அந்த விவகாரம் 2003-இல் இலங்கை நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிய பிறகுதான் ஒரு முடிவுக்கு வந்தது. 55 ஆண்டுகள்! கடிதம் கையில் இல்லாத தொழிலாளியின் கதி எங்கும் இதுதான்.

ஒரே நிறம், வேறு வேறு உரிமை

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். சிவப்புக் கார்டு வைத்திருப்பவர்கள் எல்லாரும் சட்டத்தின் முன் ஒரே நிலையில் இல்லை. எந்த ஆண்டு, எங்கே பிறந்தார் என்பதைப் பொறுத்து அவருடைய உரிமை மாறுகிறது. இது தெரியாமல் எல்லாரும் ஒரே மாதிரி "கெஞ்சிக் கேட்கும்" மனுவைப் போட்டுவிட்டு வீட்டில் காத்திருக்கிறார்கள்.

முதல் வகை, 1957 ஆகஸ்டு 31-க்கு முன்பு இந்நாட்டில் பிறந்தவர்கள். இவர்களுக்கு அரசியல் சட்டத்தின் 16-ஆவது விதி இருக்கிறது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மனுவுக்கு முந்திய 7 ஆண்டுகளில் மொத்தம் 5 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். நன்னடத்தையும், இங்கேயே நிரந்தரமாக வாழும் எண்ணமும், மலாய்மொழியில் ஆரம்ப அறிவும் வேண்டும். இவை இருந்தால் குடிமகனாகப் பதிவு பெற அவர் "உரிமையுடையவர்" என்றே சட்டம் சொல்கிறது. இது தயவு அல்ல, உரிமை. நம் பாட்டிமார் தாத்தாமாரில் பலர் இந்த வகையில் வரக்கூடும்.

இரண்டாவது வகை, 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் முடிய இந்த மண்ணில் பிறந்தவர்கள். இவர்களுக்கு இங்கே பிறந்ததே போதும். பெற்றோர் யார், எந்தக் கார்டு என்ற கேள்வியே இல்லை. சட்டப்படி இவர்கள் பிறப்பிலேயே குடிமக்கள். 1960-இல் ஜொகூர் தோட்டமொன்றில் பிறந்த ஒருவர் இன்று சிவப்புக் கார்டோடு இருந்தால், அவரிடம் பிறப்புப் பத்திரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இருந்தால் அவர் குடியுரிமையைக் கேட்டு வாங்க வேண்டியவர் அல்லர். ஏற்கெனவே உள்ளதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியவர்.

மூன்றாவது வகை, 1962 அக்டோபர் முதல் பிறந்தவர்கள். இவர்கள் பிறந்தபோது பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்திருக்க வேண்டும். ஆக, இவர்களுடைய நீலக் கார்டுக்கு ஆதாரம் அப்பா அம்மாவின் கார்டுதான். பாட்டியின் தகரப் பெட்டியில் கிடக்கும் அந்தப் பழைய சிவப்புக் கார்டுதான் மகனுக்குச் சாட்சி. மகனுடைய பத்திரம்தான் பேரனுக்குச் சாட்சி. அதனால்தான் இது பாட்டியோடு முடிகிற காரியமல்ல என்றோம்.

நான்காவது வகை, வெளிநாட்டில் பிறந்து இங்கே வந்து குடியேறியவர்கள். இவர்களுக்கு 19-ஆவது விதி. 21 வயது, 12 ஆண்டுகளில் 10 ஆண்டுகள் இங்கே வாசம், அதிலும் கடைசி 12 மாதம் தொடர்ந்த வாசம், போதிய மலாய்மொழி அறிவு ஆகியவை வேண்டும். இத்தனையும் இருந்தாலும் அரசாங்கம் "கொடுக்கலாம்" என்றுதான் சட்டம் சொல்கிறது. கொடுத்தாக வேண்டும் என்று சொல்லவில்லை.

முதல் வகையில் வர வேண்டியவர் நான்காவது வகையில் மனுப் போட்டால், உரிமையைக் கொண்டுபோய்த் தயவாக மாற்றிக்கொள்கிறார். ஆகவே கவுண்டரில் பாரம் வாங்கும்போதே, "எந்த விதியின் கீழ் இந்த மனு?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

பத்திரம் எங்கே போயிற்று?

"நாங்க இங்கதான் பொறந்தோம், ஊருக்கே தெரியும்" என்கிறார்கள் நம்மவர்கள். ஊருக்குத் தெரியும், பதிவிலாகாவுக்குத் தெரிய வேண்டுமே! அந்தக் காலத்தில் பிரசவம் லயத்திலேயே நடந்தது. மருத்துவச்சிக் கிழவி வந்தார், பிள்ளையை எடுத்தார், போனார். கிராணி ஐயா பட்டணத்துக்குப் போகும்போது பதிந்தால் உண்டு, மறந்தால் இல்லை. பதிந்த இடத்திலும் முனியாண்டி ஒரு பத்திரத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி எழுதப்பட்டார். வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒன்று, பத்திரத்தில் ஏறிய பெயர் வேறொன்று. பிறகு தோட்டம் துண்டாடப்பட்டது, கைமாறியது, வீடமைப்புப் பகுதியானது. பழைய பெயர்ப் பதிவேடுகள் எங்கே போயின என்று கேட்க ஆளில்லை. தொழிலாளி இந்நாட்டில் வாழ்ந்தான் என்பதற்கு இருந்த எழுத்துச் சாட்சி தோட்டத்து ஆபீசோடு போய்விட்டது.

திருமணத்திலும் இதே கதைதான். கோயிலில் தாலி கட்டினால் போதும் என்று இருந்துவிடுகிறோம். 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டச் சீர்திருத்தம் 1982 மார்ச் 1-ஆம் நாள் அமலுக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு நடந்தவை பதியப்பட வேண்டும். பதியாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அப்பா "அப்பா" ஆகமாட்டார். குடியுரிமைக்குத் தாயின் நிலைமையை மட்டுமே பார்ப்பார்கள். தாய் மலேசியராக இருந்தால் இங்கே பிறந்த பிள்ளைக்குப் பாதகமில்லை. தாய் தமிழ்நாட்டிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவராக இருந்து, திருமணமும் பதியப்படாமல் இருந்தால், நீலக் கார்டு அப்பன் பக்கத்தில் நிற்கும்போதே பிள்ளை நாடற்றதாகிவிடும். பள்ளிக்கூட வாசலில் போய் நிற்கும்போதுதான் பெற்றோருக்கு விஷயம் விளங்குகிறது.

சிவப்புக் கார்டில் என்ன குறை?

"சிவப்புக் கார்டு வச்சிருந்தாலும் வேலை செய்றோம், சம்பளம் வாங்குறோம்" என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். இ.பி.எப். உண்டு, சொக்சோ உண்டு. ஆனால் ஓட்டு இல்லை. மலேசியப் பாஸ்போர்ட்டு இல்லை. அரசாங்கம் ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் ரஹ்மா உதவித் தொகை குடிமக்களுக்கு மட்டும். ஓட்டு இல்லாதவன் வீட்டுக்குத் தேர்தல் காலத்தில்கூட யாரும் வருவதில்லை. தோட்டத்துச் சாலைக்கு மண் கொட்டச் சொல்லிக் கேட்கும் குரலுக்கும் கனம் குறைகிறது. அரை நூற்றாண்டு நாட்டுக்கு ரப்பரும் செம்பனையும் கொடுத்தவர்கள், அந்த நாட்டை நடத்துவது யார் என்று சொல்ல ஒரு சீட்டுக்கூட இல்லாமல் கண்மூடுவது நியாயமா?

அரசாங்கத்தையும் கேட்கிறோம்

குற்றம் முழுவதும் தொழிலாளி தலையில்தான் என்று சொல்ல நாம் தயாராக இல்லை. முறையாக மனுப் போட்டுவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். குடியுரிமை பற்றிய அரசாங்கத்தின் முடிவை எந்த நீதிமன்றமும் மறு ஆய்வு செய்ய முடியாது என்று அரசியல் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையே சொல்கிறது. அப்படியானால், நிராகரிக்கும்போது காரணத்தையாவது சொல்ல வேண்டாமா? காரணம் தெரிந்தால்தானே குறையைத் திருத்திக்கொள்ள முடியும்?

2011-இல் "மைடஃப்தார்" என்ற பதிவு இயக்கம் நடந்தது. 2018 ஜூலையில், 60 வயதைக் கடந்த சிவப்புக் கார்டு இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை கிடைக்கும் என்று அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் அறிவித்தார். மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்பதற்கு இவை சான்று. ஆனால் முதியவர்களுக்குக் காலம் காத்திருக்காது. பதிவிலாகாவின் நடமாடும் கவுண்டர்கள் பட்டணத்து மண்டபங்களோடு நின்றுவிடாமல் தோட்டத்துக் கோயில் வளாகத்துக்கும் வர வேண்டும். எழுபது வயதைத் தாண்டியவரை மொழிச் சோதனையில் மடக்குவதில் நாட்டுக்கு என்ன இலாபம்? வாழ்நாளெல்லாம் மண்டோரோடும் கடைக்காரரோடும் பேசிய மலாய் அவருக்குப் போதாதா?

நாம் செய்ய வேண்டியது

அடுத்த விடுமுறை நாளில் வீட்டிலுள்ள பெட்டியை இறக்குங்கள். ஒவ்வொருவருடைய பிறப்புப் பத்திரம், கார்டு, திருமணப் பத்திரம் எல்லாவற்றையும் பாயில் பரப்பிப் பாருங்கள். பெயரும் தேதியும் ஒன்றுக்கொன்று ஒத்து வருகிறதா என்று படித்த பிள்ளையை விட்டுச் சரிபாருங்கள். எழுத்து மாறியிருந்தால் சத்தியப் பிரமாணம் செய்து திருத்த வழி உண்டு. பிறப்புப் பத்திரம் இல்லையென்றால் பழைய சாட்சிகளைத் தேடுங்கள். தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவு, கிளினிக் கார்டு, சேமநிதிக் கணக்கு, சங்க உறுப்பினர் கார்டு, தோட்டத்துச் சம்பளச் சீட்டு எதுவும் குப்பையல்ல. கூட வேலை செய்த பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் சாட்சியத்தை எழுதி வாங்குங்கள்.

புதிதாகப் பிறக்கும் பிள்ளையை 60 நாளுக்குள் பதியுங்கள். கல்யாணத்தைப் பதிந்த பிறகு பந்தல் போடுங்கள். "ஐயாயிரம் வெள்ளி குடு, நீலக் கார்டு வாங்கித் தர்றேன்" என்று வரும் ஏஜெண்டை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி இலாகா இருக்கிறது. முதியவர்களைத் தனியே பஸ் ஏற்றி அனுப்பாதீர்கள். மகனோ பேரனோ கூடப் போங்கள். ஒரு முறை திருப்பி அனுப்பினால் இரண்டாம் முறை போங்கள்.

பாட்டி "எனக்கு எதுக்குய்யா?" என்றுதான் சொல்வார். "உங்களுக்காக இல்ல பாட்டி, நம்ம வீட்டுக்காக" என்று சொல்லி அழைத்துப் போங்கள். 1957-இல் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று விட்ட காரியம், 1969-இல் குடும்பத்தையே இரண்டு நாட்டுக்குப் பிரித்தது. இன்னொரு முறை அந்தத் தவற்றைச் செய்ய நமக்கு அனுமதியில்லை.